இருபதுக்கு ஓடிய முள்

சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரிக்கு ஒரு புளிப்பு நெடி உண்டு. மூக்குக்குத் தெரியும் முன்பே தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். என் பள்ளிச் சீருடையில், பின்னலில், மதியச் சோற்றில்கூட அந்த நெடி இருந்தது. சின்ன வயதின் வாசனைகளை நினைத்து உருகுகிறவர்கள் உண்டு. இந்த வாசனை எனக்கு ஆத்திரத்தைத்தான் கொண்டுவருகிறது.

பேராவூரணியில், ரயிலடிக்குப் போகும் சாலையில் இருந்தது எங்கள் பேட்டரிக் கடை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தெருவுக்குத் தெரு ஆண்கள் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்த காலத்தில், அப்பாவும் துபாய்க்கு விமானம் ஏறினார். "கடையைப் பூட்டிட்டு வீட்டோட இரும்மா" என்றார் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. அம்மா பூட்டவில்லை. அப்பாவோடு நின்று வேலை பழகியிருந்தவள், அடுத்த நாளே கடையைத் திறந்து, டிராக்டர் பேட்டரி, லாரி பேட்டரி எல்லாவற்றையும் தானே பார்க்கத் தொடங்கினாள். ஆரோக்கியமேரி என்ற அவள் பெயர் கடைத்தெருவில் "மேரி அக்கா" ஆனது. இருந்தும், "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டேதான் பாதிப் பேர் பேட்டரியை இறக்குவார்கள். யாரிடம் கேட்கிறோம் என்றுகூட அவர்களுக்குத் தோன்றாது.

சார்ஜர் என்பது ஒரு பச்சை இரும்புப் பெட்டி. அதன் முகப்பில் இரண்டு மீட்டர்கள், கீழே கரண்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அம்மாவுக்கு அது வயல்கணக்கு. "ஆம்ப்ஸ் மீட்டர் வாய்க்கால்ல ஓடுற தண்ணி. வோல்ட் மீட்டர் வயல்ல நிக்கிற தண்ணி. வயல் நிறைய நிறைய ஓட்டம் தானாக் கொறையணும்" என்பாள். கார் பேட்டரிக்கு ஐந்து ஆம்ப்ஸுக்கு மேல் முள்ளை ஏறவிட மாட்டாள். ஆறாம் வகுப்பில் இருந்த நான், பள்ளி விட்டு வந்ததும் சார்ஜருக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி, முள் நகர நகர அவளுக்குக் குரல் கொடுப்பேன்.

சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்த சேகர், வந்த வாரமே ஒரு சிவப்புக் கார் வாங்கியிருந்தார். மதியம் அதன் பேட்டரியைக் கொண்டுவந்து வைத்தவர், வெயில் தாழும் முன்பே திரும்பி வந்து நின்றார்.

"காலையில எடுத்துக்கங்க தம்பி. மெதுவா ஏறுனாத்தான் நிக்கும்" என்றாள் அம்மா.

"இப்ப பொண்ணு வீட்டுக்குப் போகணும்க்கா."

"அப்ப வேற பேட்டரி தர்றேன். போட்டுட்டுப் போங்க."

"என் காருக்கு ஓசி பேட்டரியா?" என்று சிரித்தார்.

அம்மா, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்க் கேனை எடுக்கப் பின்பக்கம் போனாள். சேகர் குனிந்து திருகில் கை வைத்தார்.

"அண்ணே, அதத் தொடாதீங்க" என்றேன்.

"சிங்கப்பூர்ல இதவிடப் பெரிய மெஷினெல்லாம் பாத்தவன் பாப்பா நான்."

திருப்பினார். ஐந்தில் இருந்த முள் இருபதுக்கு ஓடியது. பேட்டரி உலைபோலக் கொதித்தது. "அம்மா, இருபது!" என்று கத்தினேன். கேனைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா, முதலில் சுவிட்சை அணைக்கக் குனிந்தாள். அணைத்த பிறகுதான் பேட்டரியில் மாட்டியிருக்கும் கிளிப்பைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் பொறி பறக்கும், கொதிப்பில் கிளம்பும் வாயு பற்றிக்கொள்ளும். இதெல்லாம் எனக்கே தெரியும். "கழட்டாதீங்க!" என்று அவள் அலறியது அவர் காதிலும் விழுந்தது. "போதும், ஏறியிருக்கும்" என்றபடி கிளிப்பைப் பிடுங்கினார்.

பேட்டரி வெடித்தது. ஆசிட் முழுவதும் குனிந்திருந்த அம்மாவின் முகத்தில். சேகரின் காற்சட்டையில் இரண்டு பொத்தல்.

நான் வாளி வாளியாகத் தண்ணீரை அவள் முகத்தில் ஊற்றினேன். தேங்காய் ஏற்றிப்போன லாரி ஒன்று நின்று, எங்களைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அம்மாவின் இடது கண் போய்விட்டது. குறித்த நாளில் சேகரின் கல்யாணம் மேளதாளத்தோடு நடந்தது.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் கதை முடிவாகியிருந்தது. மேரி அக்கா மீட்டரைக் கவனிக்கவில்லையாம். "பொம்பளைக்கு எதுக்கு கரண்ட்டு வேலை?" என்று எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். "அவருதான் திருப்புனாரு, நான் பாத்தேன்" என்று நான் சொன்னபோது பெரியப்பா என் கையை இறுக்கிப் பிடித்து, "பெரிய இடம். வாயத் தொறக்காத" என்றார். அதற்கு முன்பே சார்ஜரை விற்றிருந்தார். கடையில் சார்ஜர் இருந்த வெறும் மேசையை, கட்டுப்போட்ட முகத்தோடு பார்த்த அம்மா, "என்னைக் கேக்கணும்னு தோணலையா மச்சான்?" என்றாள். அவரிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

துபாயிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட் வந்தது. "அண்ணன் செஞ்சது நல்லதுக்குத்தான் மேரி" என்ற இடத்தில் அம்மா டேப் ரிக்கார்டரை நிறுத்தினாள். மிச்சத்தை அவள் கேட்கவேயில்லை. எந்த முள் எங்கே நின்றது என்று அந்தக் கடல்கடந்த மனிதரும் கேட்கவில்லை.

இன்றைய சார்ஜர்களில் முள் கிடையாது. நிறைந்தால் பச்சை விளக்கு எரிகிறது, தானாக நின்றுவிடுகிறது. பேட்டரியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் வேலையும் பெரும்பாலும் இல்லை. ரயிலடிச் சாலையில் எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். நல்லதுதான். அந்தக் காலம் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

போன வருடம் பெரியப்பா இறந்தார். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து பந்தலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஊரில் இப்போது பெரிய மனிதராகிவிட்ட சேகரும் வந்திருந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் பரிவாக, "பாவம், அன்னிக்கு அக்கா கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "கவனமாத்தான் இருந்தாங்க. அஞ்சுல வச்சிருந்தாங்க. இருபதுக்குத் திருப்புனது நீங்க. கழட்டாதீங்கன்னு சொல்லியும் புடுங்குனது நீங்க."

"துக்க வீட்டுல எதுக்கும்மா பழசெல்லாம்? உக்காரு" என்று யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.

முன்வரிசையில் இருந்த அம்மா திரும்பவேயில்லை. "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது."