பூட்டு ஊசிக்கு ஒரு கையெழுத்து

விமானப் பணிமனையில் அவருக்கு ‘ரெண்டுதரம்’ என்று பட்டப்பெயர். எந்த நட்டை முடுக்கினாலும் இரண்டு தரம் பார்ப்பார். வீட்டில் கேஸை அணைத்துவிட்டும் திரும்பி வந்து பார்ப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருட சர்வீஸில், முடிக்காத வேலைக்கு அவர் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு நாள்தான். கேட்டவர் யாரோ எவரோ இல்லை, மனைவியின் அண்ணன்.

அன்று பகல் ஷிப்ட் மாறும் நேரம். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது வாலிலுள்ள ஒரு தகடு. அதன் போல்ட்டை மாட்டி நட்டை முடுக்கிவிட்டார். நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே ஒரு பூட்டு ஊசி செருக வேண்டும். விரல் நீளம்கூட இருக்காது. அது ஸ்டோரிலிருந்து வரவில்லை. அதற்குள் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன். அடுத்த ஷிப்டுக்கு சூப்பர்வைசர் மச்சான்தான்.

“நீ கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு மாப்ள. ஊசி வந்ததும் நான் மாட்டிடறேன்.”

இப்படி ஒருவரை ஒருவர் நம்பிக் கையெழுத்திடுவது அங்கே பழக்கம். விதிப்படி தப்பு என்பதும் எல்லாருக்கும் தெரியும். போட்டார்.

மச்சான் மறந்தாரா, அலட்சியமா, அது அவருக்கே வெளிச்சம். மறுநாள் காலை விமானம் மேலெழும்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; மூக்கு செங்குத்தாய்த் தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்து, விமான நிலைய வேலிக்கு அப்பால் விழுந்தது. நூற்றுப் பதினான்கு பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் மச்சான் வந்து தோளில் கை போட்டார்.

“நடந்தத நடந்தபடி சொல்லிடறேன். உன்னத் தனியா விட்டுடுவேனா? தங்கச்சிகிட்ட மட்டும் இப்ப எதுவும் பேசாத, பயந்துடுவா. நானே பக்குவமா சொல்றேன்.”

பாவி மனுஷன், அதையும் நம்பினார்.

மறுநாள் அதே வாய் அதிகாரிகள் முன்னால் கூசாமல் சொன்னது: “ஊசி பாக்கின்னு என்கிட்ட யாரும் சொல்லல சார். கையெழுத்தப் பார்த்தேன், வேலை முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்.”

இவர் மச்சானையே பார்த்தார். மச்சான் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை உயிர் போனதில் தன் பங்கை இவர் மறுக்கப் போனவரில்லை. முழுப் பழியையும் இவர் தலையில் கட்டிவிட்டு மச்சான் கை கழுவியதுதான் தாங்கவில்லை. ‘நான் சொன்னேன்’ என்று இவர் கத்தியதற்குச் சாட்சி கேட்டார்கள். சாட்சிக்கு எங்கே போவார்?

ஊர் நம்பாவிட்டால் போகட்டும், மனைவி நம்பினால் போதும் என்று வீட்டுக்கு ஓடினார். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அண்ணன் போன் பண்ணார். உங்களக் காப்பாத்த எவ்வளவோ பார்த்தாராம், முடியலயாம்,” என்றாள். “ஊசிய மறந்துட்டேன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”