ஒன்பதாம் இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா

எங்கள் ஊரான அசுவோசோவில் மின்சாரம் ஒருபோதும் நிற்காத கட்டடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது பிணவறை. தேவாலயத்தில் நிற்கும், காவல் நிலையத்தில் நிற்கும், கொக்கோ எடை போடும் கொட்டகையில் நாள் கணக்கில் நிற்கும். ஆனால் தம்முடைய இறந்தவருக்கு வியர்க்க விட்ட நிர்வாகத்தை இங்கே எந்தக் குடும்பமும் மன்னிக்காது. ஆகவே பிணவறையில் ஒன்றுக்கு இரண்டாக ஜெனரேட்டர்கள் உள்ளன. நன்றாக உயிரோடு இருந்த அபெனா பிராகோவின் பெயர் பிணவறைப் பதிவேட்டில் ஏறியதற்கு அந்த ஜெனரேட்டர்களே மூல காரணம்.

பிராகோ முடி பின்னுபவர். லாரி நிலையத்துக்கு எதிரே, ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார் முடியலங்காரக் கூடம்’ என்று நீல எழுத்தில் எழுதிய சிறு கடை அவருடையது. குமாசி நகரிலிருந்துகூடப் பெண்கள் தேடி வருவார்கள். எறும்பு வரிசையைப் போன்ற மெல்லிய பின்னல்களை, இழுப்பதே தெரியாமல், ஐந்து மணி நேரத்தில் ஒரு தலை முழுவதும் பின்னிவிடுவார். அவருக்கு நாற்பத்து மூன்று வயதானபோது அந்த விரல்கள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் கைகளை மடக்க முடியாது. கடைச் சாவியை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, முழு உடம்பையும் திருப்பித்தான் பூட்டைத் திறந்தார்.

உடம்பைக் காக்க வேண்டிய காவலாளி, வீட்டுக்காரரையே திருடன் என்று எண்ணி அடிக்கும் நோய் இது என்று குமாசி மருத்துவர் விளக்கினார். இரண்டு ஆண்டுகள் மாத்திரைகள் கொடுத்தும் காவலாளி அடங்கவில்லை. பிறகு, காசநோய் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்தபின், ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். அது பேனாவைப் போன்ற ஒரு கருவி. தொடையில் வைத்து அழுத்தினால் ஒரு ‘டிக்’ ஒலி கேட்கும். பத்து எண்ணுவதற்குள் மருந்து உள்ளே போய், சிறு சன்னலில் மஞ்சள் நிறம் தோன்றும். இரண்டு வாரத்துக்கு ஒரு பேனா. ஒருமுறை வலது தொடை, மறுமுறை இடது தொடை. இரண்டாம் மாதத்தில் பிராகோ சாவியை விரல்களாலேயே திருப்பினார்.

சிக்கல் குளிர்ச்சியில் இருந்தது. பேனாக்கள் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் உறையக் கூடாது. ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் பதினான்கு நாளுக்குள் குத்தி முடித்துவிட வேண்டும். பிராகோவின் வீட்டுக் குளிர்பெட்டி, மின்வெட்டுக் காலத்தில் வெறும் அலமாரியாகவே பயன்பட்டது. மீன்காரி ஒருத்தியின் உறைபெட்டியில் ஒப்படைத்தபோது, மூன்று மாத மருந்து கானாங்கெளுத்திகளுக்கு இடையில் கல்லாக உறைந்து வீணாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மருந்து வரும். அந்த இடைவெளியில் பிராகோவால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

அப்போது கைகொடுத்தவர் பிணவறைப் பணியாளர் அஜாபொங். அவர் மனைவிக்குப் பின்னல் போடுபவர் பிராகோதான். உறையவும் விடாமல், சூடாகவும் விடாமல் இரவும் பகலும் நான்கு டிகிரியில் இருக்கும் இடம் தம் பொறுப்பில் இருப்பதை அஜாபொங் அடக்கமாகத் தெரிவித்தார். ஒன்பதாம் இழுப்பறையில் ஓய்வுபெற்ற அஞ்சலக அதிகாரி ஒருவர், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேர்வதற்காக ஐந்து மாதமாகக் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய கால்மாட்டில், இரண்டு நெகிழிப் பைகளுக்குள் சுற்றிய பிஸ்கட் டப்பா ஒன்று இடம்பெற்றது. அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை பிராகோ கைப்பையுடன் பிணவறைக்குப் போய் வந்தார். வழியில் புதியவர்கள் அனுதாபம் தெரிவித்தால், மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்.

ஆறு மாதம் இவ்வாறு கழிந்தது. பிறகு பிணவறைக்குப் புதிய மேலாளராகத் திரு. அட்டோப்ரா வந்தார். முந்தைய பணியிடத்தில் இரண்டு குடும்பங்கள் ஒரே உடலுக்கு உரிமை கொண்டாடியதைக் கண்ணால் கண்டவர் அவர். ஆகவே, பதிவேட்டில் இல்லாத எதுவும் தம் கூரையின்கீழ் குளிரக் கூடாது என்பது அவருடைய முதல் ஆணை. ஒரு திங்கட்கிழமை எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்தவர், ஒன்பதாவதில் பிஸ்கட் டப்பாவைக் கண்டார். பணியாளர்கள் தின்பண்டம் வைத்திருப்பதாக எண்ணி, மாலைக்குள் அது குப்பைக்குப் போக வேண்டும் என்றார்.

டப்பாவைக் காப்பாற்ற அஜாபொங்குக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பதிவேட்டை எடுத்து, புதிய வரிசையில் முத்துமுத்தாக எழுதினார். பெயர்: அபெனா பிராகோ. வயது: நாற்பத்தாறு. கொண்டுவந்தவர்: அவரே. கொண்டுவந்தவருக்கு உள்ள உறவு: தானே. வந்து சேர்ந்தபோது நிலை: குளிர்ச்சியாக, சேதமின்றி. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்ததைக் கண்ட அட்டோப்ரா மனநிறைவோடு கையெழுத்திட்டார். இழுப்பறைச் சாவிகளை ஒரு கயிற்றில் கோத்துத் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை பிராகோ வந்தார். டப்பாவில் நான்கு பேனாக்கள் மிச்சம் இருந்தன. ஒன்றை அன்று குத்த வேண்டும். அட்டோப்ரா அவரை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, துயரமான இந்த வேளையில் தம்மால் ஆனதைச் செய்வதாகச் சொன்னார். பிறகு விதியைச் சொன்னார். வெளியே எடுக்கக் குடும்பத் தலைவரின் கையெழுத்து வேண்டும். அடக்கம் செய்யும் நாளும் இடமும் வேண்டும்.

“சார், அது மருந்து. பேரு என்னோடது. நான்தான் இங்க உக்காந்திருக்கேன்.”

“அது எனக்குத் தெரியுதும்மா. நான் என்ன குருடனா? ஆனா பதிவேட்டுல இருக்கிற ஆள் தானே வந்து தன்னை வாங்கிட்டுப் போக விதியில இடமில்ல. நாளைக்கு எல்லாரும் அப்படியே கெளம்பிட்டா நான் என்ன பண்றது?”

கதவருகே நின்ற அஜாபொங், தாம் எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டு அந்த வரியை அடித்துவிட முன்வந்தார். இந்தப் பதிவேட்டில் பெயரை அடித்தால் ஓர் உடல் காணாமல் போயிற்று என்று பொருள்; காவல் துறைக்கு எழுத வேண்டி வரும் என்றார் மேலாளர். அஜாபொங் முன்வந்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

குடும்பத் தலைவர், பிராகோவின் தாய்மாமன் அம்பெம். அவருடன் பிராகோ ஒன்பது ஆண்டுகளாகப் பேசவில்லை. பிராகோவின் தாய் இறந்தபோது அச்சிட்ட துக்கச் சுவரொட்டியில், முதன்மைத் துக்கம் காப்போர் வரிசையில், ஒரே மகளான பிராகோவின் பெயரை மாமா பதினொன்றாவதாகப் போட்டிருந்தார். கொல்லன் வீட்டு மருமகனுக்கும் கீழே. அன்றே பிராகோ சபதம் செய்தார்: இனி அந்த மனிதரிடம் வாய் திறந்து எதையும் கேட்பதில்லை.

சபதத்தை அவர் மேலும் நான்கு நாள் காத்தார். வெள்ளிக்கிழமை விரல்கள் கனத்தன. சனிக்கிழமை ஒரு மணப்பெண்ணின் பின்னலைப் பாதியில் நிறுத்தி, உதவிக்கு வேறொருத்தியை அழைக்க வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை காலை சாவி மீண்டும் உள்ளங்கைகளுக்கு நடுவே போனது. பூட்டின் முன்னால் முழு உடம்பையும் திருப்பியபடி நின்ற பிராகோ, அப்படியே திரும்பி மாமாவின் வீட்டுக்கு நடந்தார்.

அம்பெம் அவரைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. நாற்காலி போடச் சொல்லி, வந்த காரணத்தை முறைப்படி விசாரித்து, முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, பிணவறை விவகாரத்தில் தாம் தனியாக முடிவெடுப்பது மரபில்லை என்றும் குடும்பக் கூட்டம் கூட்டியே தீர வேண்டும் என்றும் அறிவித்தார். வியாழக்கிழமை கூட்டம் கூடியது. மூதாதையருக்கு வார்க்கும் ஷ்னாப்ஸ் மதுப் புட்டியுடன் பதினான்கு பேர் வந்தனர். பிராகோ ஓர் ஓரத்தில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

இது மருந்து டப்பா மட்டுமே என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஒருவர்கூட அதைச் சந்தேகிக்கவில்லை. ஆயினும் பிணவறையிலிருந்து ஒன்றை எடுப்பதற்கு இந்தக் குடும்பம் அறிந்த வழி ஒன்றே; முதல் படியைத் தாண்டி அதை நடுவிலிருந்து தொடங்க ஒருவருக்கும் தெரியவில்லை. தந்தை வழியினருக்குச் சொல்லி அனுப்பியாயிற்றா என்று ஒருவர் கேட்டார். துக்கத்துக்கு உடுத்துவது சிவப்புத் துணியா, கறுப்பும் வெள்ளையுமா என்பதில் ஒரு மணி நேரம் சென்றது. நாற்பத்தாறு வயதில் போனவருக்குச் சிவப்புதான் முறை என்றார் பிராகோவின் சித்தி சேவா.

“சித்தி, நான் இங்கதான் இருக்கேன்,” என்றார் பிராகோ.

“இருக்கடி, யாரு இல்லேன்னா? அதுக்காக முறையை விட்டுட முடியுமா? ஊர்ல சிரிக்க மாட்டாங்க?”

இறுதியில் அம்பெம் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினர். கையெழுத்திடத் தாம் தயார் என்றும், ஆனால் இதுவரை யாரும் தம்மிடம் நேராக எதையும் கேட்கவில்லை என்றும் சொன்னார். திங்கட்கிழமை பிராகோ நடந்ததைச் சொன்னாளே தவிர, வேண்டும் என்று கேட்கவில்லையாம்.

பிராகோ தம் கைகளைப் பார்த்தார். பத்து விரல்களும் அவித்த வாழைக்காய்களைப் போல மடியில் கிடந்தன.

“மாமா, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இந்தக் கை இல்லேன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. கேக்குறேன்.”

அம்பெம் நெடுநேரம் தொண்டையைச் சரிசெய்தார். ஒன்பது ஆண்டாகக் காத்திருந்த சொல் கிடைத்துவிட்டதால், அடுத்து என்ன செய்வது என்று அவருக்கே விளங்கவில்லை போலும்.

“சரி. பிணவறைப் படிவத்துல முதன்மைத் துக்கம் காப்பவர்னு ஒரு கட்டம் இருக்காமே. அதுல யாரு பேரைப் போடறது?”

“என் பேரைத்தான். மொதல்ல.”

“ஒன் பேரு மட்டும்தான்,” என்றார் மாமா. “கொல்லன் வீட்டு மருமகன் பேரு வராது.”

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, குடும்பம் முழுவதும் சிவப்புத் துணி உடுத்திப் பிணவறை முற்றத்தில் கூடியது. அட்டோப்ரா படிவத்தை வரி வரியாகச் சரிபார்த்தார். அடக்கம் செய்யும் நாள்: இன்று. அடக்கம் செய்யும் இடம் என்ற கட்டத்தில் அவருடைய பேனா நின்றது.

“வலது தொடைன்னு எழுதியிருக்கு.”

“ஆமா,” என்றார் அம்பெம்.

“ஐயா, இந்த மாவட்டத்துல அங்கீகாரம் பெற்ற கல்லறைங்க பட்டியல் என்கிட்ட இருக்கு. அதுல தொடை இல்ல.”

அம்பெம் ஊன்றுகோலை நிலத்தில் ஊன்றி நிமிர்ந்தார்.

“அது பொதுக் கல்லறை இல்ல தம்பி. தாய்வழி ரத்தம். இவ பாட்டி ரத்தம், இவ அம்மா ரத்தம். எங்க குடும்பத்து நிலம் அது. எங்க நிலத்துல எதை வைக்கணும்னு நாங்க சொல்லுவோம்.”

குடும்ப நிலத்தில் அடக்கம் செய்வதற்கு விதியில் தனிப் பிரிவே இருந்தது. தலைவரின் வாய்மொழி போதும். அட்டோப்ரா அந்தப் பிரிவின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். ஒரு பேனா வெளியே வந்தது. மீதிக்கு எதிரே ‘பகுதி நிலுவை: மூன்று’ என்று எழுதினார். இவ்வளவு ஒழுங்கான விடுவிப்பைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று அஜாபொங்கிடம் பின்னர் சொன்னாராம்.

குளிரிலிருந்து எடுத்த பேனாவை உடனே குத்தக் கூடாது. அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிர்ச்சியைப் போக்க வேண்டும். அம்பெம் ஷ்னாப்ஸை நிலத்தில் வார்த்து, மூதாதையரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். ஒருவரையும் விடவில்லை. அதற்குச் சரியாக அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு சேவாவும் இரண்டு பெண்களும் துணியை விரித்து மறைப்புப் பிடிக்க, பிராகோ உட்கார்ந்து, கிருமிநாசினிப் பஞ்சால் தொடையைத் துடைத்தார். விரல்கள் வளையாததால், பேனாவை இரண்டு உள்ளங்கைகளாலும் பற்றி அழுத்தினார்.

டிக்.

ஆண்கள் தொப்பியைக் கழற்றினர். மறைப்புக்குப் பின்னால் பிராகோ பத்து வரை எண்ணும் குரல் மட்டும் கேட்டது. மஞ்சள் தெரிந்துவிட்டது என்று அவர் அறிவித்தவுடன் சேவா ஓவென்று அழத் தொடங்கினார். எதற்கு அழுகிறாய் என்று அம்பெம் அதட்டியபோது, இந்த முற்றத்துக்கு வந்து அழாமல் திரும்பிப் பழக்கமில்லை என்றார்.

எல்லோரும் கிளம்பத் தொடங்கியும் அம்பெம் மட்டும் கிளம்பவில்லை. மறைப்பு விலகியதும் அருகே வந்து விசாரித்தார்.

“அடுத்தது எப்போ?”

“ரெண்டு வாரம் கழிச்சு, வெள்ளிக்கிழமை மாமா.”

“அதே எடமா?”

“இல்ல. இடது தொடை.”

மாமா ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

“இடது பக்கம்னா ஒன் அப்பா வீட்டுக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். நான் பேசிக்கிறேன். நீ கடையைப் பாரு.”

அடுத்த செவ்வாய்க்கிழமை சாவி விரல்களுக்குத் திரும்பியது. முதலில் தயங்கி, பிறகு ஒரே திருப்பில். கடையைத் திறந்தபோது வாசல் பெஞ்சில் ஏழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தனர், முதலாவதாகச் சேவா. துக்கத்துக்குப் போகும்போது தலை கலைந்திருந்தால் குடும்பத்துக்கு அழகில்லை அல்லவா. இடது தொடைக்கு நாள் குறித்த அடுத்த வார வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஏழு தலைகளையும் பின்னியாக வேண்டும். பிராகோ விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துவிட்டு, சித்தியின் தலையில் முதல் வகிட்டை எடுத்தார்.