திருஷ்டிக் கயிற்றில் ஒரு கூடு

ஆடுகோடியில் எங்கள் தெருமுனை மாவு மில்லை நடத்தும் பாஞ்சாலியக்காவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் கிடையாது. கோதுமையை இன்னும் கொஞ்சம் நைசாக அரைக்கச் சொன்னால் போதும், சப்பாத்தி வரவில்லை என்றால் அது மாவின் குற்றமா, கையின் குற்றமா என்று ஆரம்பித்துவிடுவார். இருந்தும் நான் வேறு மில்லுக்குப் போனதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் கணவர் பச்சைமுத்து, மில் வாசலில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். காரியம் முடிந்த கையோடு, கணவரின் அண்ணன் முனியப்பன் மில்லை மூடிவிட்டு இடத்தை மொபைல் கடைக்கு வாடகைக்கு விடலாம் என்றார். அக்கா மறுநாள் காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மோட்டார் சுவிட்சைப் போட்டார். பெல்ட் மாட்டுவது, கல் கொத்துவது எல்லாம் கையைக் கிழித்துக்கொண்டு கற்றதுதான்.

முனியப்பனுக்கு அவர் விட்டுவைத்த ஒரே அதிகாரம் திருஷ்டிக் காய். புருஷன் இல்லாதவள் அதைக் கட்டக் கூடாதாம். அதனால் ஆயுத பூஜைதோறும் அவர் லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வாசல் கொக்கியில் சாம்பல் பூசணியைக் கட்டிவிட்டுப் போவார்.

போன வருடக் காய் அழுகி விழுந்தபின் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வருடம் அதில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டத் தொடங்கியது. ஆண் குருவி கேபிள் ஒயரில் உட்கார்ந்து கத்துவதோடு சரி, வேலை முழுக்கப் பெட்டைதான். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அது நாரும் சாக்கு நூலும் கொண்டுவந்தது. மில் மூலையில் மாவு படிந்து கிடந்த ஒட்டடையை இழுத்துப் போய் ஒட்டியது. பக்கவாட்டில் ஒரு வாசல், அதற்கு மேல் ஒரு குட்டிக் கூரை. கூடே மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒட்டடை அடிக்கிற அக்கா, அந்த மூலைப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டார். ஒரு அம்மாள் மூக்கைச் சுளித்ததற்கு, பிடிக்கவில்லை என்றால் விவேக் நகரில் மில் இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று வழி சொன்னார்.

குஞ்சு பொரித்த பிறகு அவர் போக்கே மாறியது. மில் ஓடும்போது குஞ்சுகளின் குரல் கேட்காது. கரண்ட் போனால் மின்சாரக்காரர்களின் ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டுகிறவர், இப்போது கரண்ட் போனதும் வாசலுக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வரிசையில் நிற்கிற எங்களையும் வாய் திறக்க விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே முனியப்பன் பெரிய பூசணியோடு வந்து இறங்கினார். பழைய கயிற்றில் ஏதோ குப்பை சேர்ந்து தொங்குகிறது என்று நினைத்து, கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். உள்ளே மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்து ஏணியைப் பிடித்தார். குப்பை இல்லை, கூடு, உள்ளே குஞ்சு இருக்கிறது என்றார்.

முனியப்பன் இறங்குவதாயில்லை. குருவி வேறு எங்காவது கட்டிக்கொள்ளும், காய் இல்லாமல் மிஷினை ஓட்டினால் குடும்பத்துக்கே ஆகாது என்றார். பக்கத்தில் இன்னொரு கொக்கி அடித்தால் என்ன என்று நான் கேட்டுப் பார்த்தேன். வாசலுக்கு நேர் நடுவில்தான் கட்ட வேண்டுமாம், அவர்கள் வீட்டு வழக்கம் அதுதானாம். கத்தி கயிற்றுக்குப் போனது. பெட்டைக் குருவி ஒயருக்கும் கூட்டுக்குமாகப் பறந்து தவித்தது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

"மாமா, உங்க தம்பி செத்த அன்னைக்கும் அங்க காய் தொங்கிட்டுதான் இருந்துச்சு. அதுக்கு நேர் கீழதான் சாஞ்சாரு. அது யாரைக் காப்பாத்துச்சு? இதுங்கள நான் காப்பாத்திக்கிறேன். நீங்க இறங்குங்க."

முனியப்பன் கத்தியை மடக்கினார். இறங்கி வந்து, இவ்வளவு பெரிய காயை இனி என்ன செய்வது என்று மட்டும் முணுமுணுத்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் மோட்டாருக்குப் பொட்டும் அரவைக் கல்லுக்குச் சந்தனமும் வைத்து, அக்காவே கற்பூரம் காட்டினார். யாரையும் கேட்கவில்லை. பூஜை முடிந்ததும் மில் வாசலிலேயே எங்களுக்கெல்லாம் சாப்பாடு. முனியப்பனுக்குக் கூட்டுக்கு நேர் கீழே இலை போட்டிருந்தது. மோர்க்குழம்பில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தவர், நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"நீங்க கொண்டுவந்ததுதான், மாமா" என்றார் அக்கா. "நல்ல காய்."

தலைக்கு மேல் தேன்சிட்டு புழுவோடு வந்து கூட்டுக்குள் தலையை நுழைத்தது. மில் ஓடாததால் குஞ்சுகளின் குரல் எல்லோருக்கும் கேட்டது. முனியப்பன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். பிறகு சோற்றில் குழி பறித்து, இன்னும் இரண்டு கரண்டி ஊற்றச் சொன்னார்.