மடிப்புக்குள் போன பாதி முகம்

கட்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத்தான் எத்தனை வேலை! தெரு ஓரச் சாக்கடையும் கட்டர், கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கிக்கொள்ளும் தகரமும் கட்டர், பந்து உருட்டும் ஆட்டத்தில் தடம் தவறிய பந்து விழும் பள்ளமும் கட்டர். மட்டமாக எழுதும் பத்திரிகையைக்கூட அப்படித்தான் திட்டுகிறார்கள். எங்கள் அச்சகத்திலோ, விரித்த புத்தகத்தின் நடுவில் மடிப்பையொட்டி விடும் வெற்றிடத்துக்கு அந்தப் பெயர்.

பைண்டிங் அக்கா மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார். சேர்ந்த முதல் நாளே, "கட்டர்ல பசை வழியுது, பாத்து!" என்று கத்தினேன். அவர் கையிலிருந்த தாள்கள் நழுவின. கணவர் பாதாளச் சாக்கடையில் அடைப்பெடுக்க இறங்கி, விஷவாயுவில் இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மகள் அப்போது கைக்குழந்தை. விஷயம் தெரிந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பரவால்ல தம்பி. நான் உள் ஓரம்னு சொல்லிக்கறேன்" என்றார். பதினோரு வருடம் அப்படியே சொன்னார்.

போன மாதம், வேலையில் இறந்த துப்புரவுத் தொழிலாளர்களின் நினைவாக அவர்களின் சங்கம் எங்கள் அச்சகத்தில் ஒரு புத்தகம் போட்டது, ஆளுக்கு ஒரு பக்கம். அக்காவின் வீட்டில் கணவர் படம் ஒன்றுகூட இல்லை. சங்கத்துக்காரர்கள் பழைய அடையாள அட்டையைத் தேடிப்பிடித்து, அதிலிருந்த படத்தை நேராக எங்கள் கணினிக்கு அனுப்பியிருந்தார்கள். "என் பொண்ணுக்கு அப்பா முகமே ஞாபகமில்ல தம்பி. நாளைக்கு விழாவுல பாக்கப்போறா" என்று விழாவுக்கு முதல்நாள் காலையில் பூரித்துப்போனார்.

பக்கங்களை அமைத்தவன் நான். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்று நினைத்து உள் ஓரத்தைக் குறுக்கியிருந்தேன். முதலாளி கடைசி நேரத்தில் பசை பைண்டிங் என்றார்; அதற்கு உள் ஓரம் அகலமாக வேண்டும், இல்லாவிட்டால் படம் மடிப்புக்குள் போய்விடும். நான் ஓரத்தைத் திருத்தவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன?

அன்று மதியம் அக்கா முதல் பிரதியை ஒட்டி விரித்தார். கணவர் முகத்தில் பாதி மடிப்புக்குள் போயிருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். புத்தகத்தின் முதுகு பிளந்ததே தவிர, இன்னொரு கண் வரவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "பாதி தெரியுதில்ல? போதும், விடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்க கல்யாணப் படத்துல பாதி மூஞ்சிதான் இருந்தா விடுவீங்களா சார்? தப்பு என்னோடது, நானே மறுபடி போடறேன்."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவரை வெளிய எடுத்தப்போ முகம் பூரா சேறு தம்பி. நான்தான் தொடச்சேன். எல்லாத்தையும் அடிச்சுக் குடு, ஒட்டறது என் பொறுப்பு" என்றார்.

இருநூறு பிரதியையும் கழித்துப் புதிதாக அச்சடித்தோம். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே தாள் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் விழா மண்டபத்து வாசலில் அக்கா புத்தகத்தை மகளிடம் விரித்தார். "பாருடி, உங்கப்பா."

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்தாள். "அம்மா, இது மையா, மச்சமா?"

அக்கா குனிந்து பார்த்தார். "மச்சம்தான்டி. ஐயோ... நானே மறந்துட்டேனே" என்று உடைந்து அழுதார்.