பாட்டே இல்லாத ஒரு கொலைப்படம்

எழுபதுகளில் ஒரு ஞாயிறு மதியம், எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் யாரும் கேள்விப்படாத பழைய படம் ஒன்றைப் போட்டார்கள். பாட்டே இல்லையென்று பாதிப் பேர் எழுந்து போனார்கள். நானும், மடியில் பிள்ளையோடு பக்கத்து வீட்டு மாரியாயியும் அசையவில்லை. படத்தில், அடி தாங்காமல் புருஷனை விஷம் வைத்துக் கொன்றவள், தூக்குமேடைக்குப் போகும்போது தன் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். வசனமே இல்லை, அந்த முகம் மட்டும்.

மாரியாயி என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, அவரு சோத்துல புல்லுக்கு அடிக்கிற மருந்தக் கலந்து வச்சிட்டு வந்துட்டேன்க்கா.”

லயத்து வீட்டுக்கு ஓடினோம். அவள் புருஷன் இன்னும் வந்திருக்கவில்லை. சோற்றைச் சட்டியோடு குழிதோண்டிப் புதைத்தேன். அன்றே அவளையும் பிள்ளையையும் ரிங்லெட் டவுனில் அவள் அண்ணன் வீட்டில் சேர்த்தேன்.

சினிமா வெறும் பொழுதுபோக்குதானே என்று யாராவது சொன்னால், இன்றும் எனக்கு நான் புதைத்த அந்தச் சோற்றுச் சட்டிதான் நினைவுக்கு வரும்.