அப்பாவின் கீழ்க்குரல்

துபாய் அல் குசைஸில் எங்கள் ஃப்ளாட்டில் நானூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியப் பாட்டு ஒன்று இரண்டு வாரம் குடியிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. சர்ச் பாடகர் குழுவில் சேரத் துடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு மாஸ்டர் ஒரு தாளைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடச் சொல்லிக்கொடுக்கவென்றே எழுதியதாம். வார்த்தை கிடையாது, இரண்டே குரல். மேல்குரல் தொடங்கிய மெட்டைக் கீழ்க்குரல் கொஞ்சம் பிந்தி எடுத்துக்கொண்டு தன் வழியே போகும். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து வெள்ளிக்கிழமை பாடு, நிற்காமல் முடித்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

அம்மாவுக்குப் பாட்டு என்றாலே காத தூரம். ஏசி மெக்கானிக்கான அப்பாதான் மாட்டினார். எங்கள் கடற்கரை ஊர் மாதா கோயிலில் ஊரே ஒரே மெட்டைத்தான் கூரை பிய்யப் பாடும். அந்தப் பழக்கத்தில் அப்பா நாலு சுரம் தாண்டுவதற்குள் என் மெட்டில் வந்து ஒட்டிக்கொண்டார். "நீ அங்க போனா நான் மட்டும் இங்க நின்னு என்ன செய்ய மக்ளே?" என்பார். எனக்கு அழுகையாக வந்தது. கடைசியில், சைட்டில் இரைச்சலுக்குக் காதில் வைக்கும் அடைப்பானைச் செருகிக்கொண்டு பாடினார். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பிறகு வேனிலும் குளியலறையிலும் அந்தக் கீழ்க்குரல்தான்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் அப்பாவின் காதிலிருந்த அடைப்பானைப் பார்த்துவிட்டார்.

"அத எடுங்க சார். அடுத்தவன் பாடுறத கேட்டுக்கிட்டே பாடணும்னுதான் இத எழுதியே வச்சிருக்கான்."

போச்சு என்று நினைத்தேன். அப்படியே ஆயிற்று. பாதியில் அப்பா தன் வழியை விட்டு என் மெட்டுக்குத் தாவிவிட்டார். கெடுத்தாரே என்று உள்ளுக்குள் கத்தினேன். ஆனால் அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. நான் ஒருநாளும் படிக்காத கீழ்க்குரல் என் வாயிலிருந்து வந்தது! அவர் என் வழியில், நான் அவர் வழியில். எதிரெதிராகப் போன இரண்டும் மெல்ல நெருங்கி, ஒரே சுரத்தில் வந்து நின்றன. இரண்டே பேர் பாடி இவ்வளவு பெரிதாக ஒன்று எழும்புமா என்று வாயைப் பிளந்தேன். மாஸ்டர் தாளை வாங்கி மடித்துவைத்தார். பிறகு, அடுத்த வாரத்திலிருந்து வா என்றார்.

"நீங்க விட்டுட்டீங்க, நான்தான் காப்பாத்தினேன்" என்று வீடுவரை சொல்லிக்காட்டினேன். "ஆமா மக்ளே, நீ இல்லன்னா மானம் போயிருக்கும்" என்று அப்பா சிரித்தார். அதையே வருடக்கணக்கில் விருந்தாளிகளிடமெல்லாம் அளந்தேன்.

அன்று எங்களோடு வந்திருந்த அம்மா மொபைலில் பிடித்துவைத்திருந்ததைப் போன மாதம்தான் கேட்டேன். பாதியில் முதலில் நின்றது என் குரல். ஒரு நொடி கீழ்க்குரல் மட்டும் தனியாகப் போகிறது. அதற்குப் பிறகுதான் அப்பா தாவுகிறார், நான் விட்ட அதே சுரத்துக்கு.