வரிசையைப் பிரித்தவன் நான்

விசுவமடுவில் ஒரு நெல் ஆலை, அதன் பின்னால் சீமெந்துக் களம், நெல் ஏற்ற இரண்டு லொறி, தகரத்தில் தொடங்கி ஓட்டில் முடிந்த வீடு. இவ்வளவையும் கட்டியவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதாவது நான். வங்கி கைவிரித்தது. வெள்ளம் இரண்டு தரம் களத்தைக் கொண்டுபோனது. நான் மட்டும் போகவில்லை.

என் மருமகன் பல்கலைக்கழகத்தில் கணினி படிப்பிப்பவர். நிறையப் படித்தவர், அதனால்தான் ஒரே இடத்தில் மூன்று மாதம் சிக்கிக் கிடக்க முடிந்தது. இணையத்தில் போகும் தகவலைத் துண்டு துண்டாக்கித்தான் அனுப்புவார்களாம். ஒவ்வொரு துண்டும் மூன்று அடுக்குச் சந்திகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு சந்திக்கும் உள்ளே வர இரண்டு வாசல், வெளியே போக இரண்டு வாசல். துண்டுகள் தேங்கின. காத்திருக்கும் இடத்தை அவர் நீட்டினார், இன்னும் நீட்டினார். தேக்கம் வசதியாகக் கால் நீட்டிப் படுத்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் துண்டுகள் வரிசையாக நிற்கும் படத்தைப் பார்த்தேன்.

“தம்பி, முன்னுக்கு நிக்கிறவர் ஏன் நிக்கிறார்?”

“அவர் போற வாசல் அடைச்சுக் கிடக்கு மாமா.”

“பின்னுக்கு நிக்கிறவர்?”

“அவருக்கு மற்ற வாசல். அது சும்மாதான் கிடக்கு.”

“பிறகேன் நிக்கிறார்? முன்னவருக்கு மரியாதையோ?”

என் ஆலையிலும் இதே கூத்துத்தான். அவிக்கும் தொட்டி நிறைந்துவிட்டால் புழுங்கல் மூட்டையோடு ஒருவர் நிற்பார். பச்சையரிசிக்குரிய மூட்டைக்காரரும் அவர் முதுகைப் பார்த்தபடி பக்தியோடு நிற்பார். நானும் முதலில் தாழ்வாரத்தைத்தான் நீட்டினேன். பிறகு வழி பிரியும் இடமெல்லாம் கயிறு கட்டி வரிசையை இரண்டாக்கினேன். அன்றோடு பக்தி ஒழிந்தது.

“போற வாசலுக்கு ஒரு வரிசை வையும்” என்றேன்.

வைத்தார். பின்னேரத் தேநீருக்கு முன்னமே, துண்டுகள் போகும் வேகத்தைக் காட்டும் கோடு திரையில் மேலே ஏறியது. அவர் போட்ட சத்தத்தில் என் மகள் குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

இதை வைத்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் பேராசிரியர் இருக்கிறார், ஆய்வுகூடம் இருக்கிறது, கடைசியில் “குடும்பத்தினரின் பொறுமை” இருக்கிறது. என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

“மாமா, இது ஏற்கெனவே புத்தகங்களில இருக்கிற முறைதானே.”

“அப்ப மூன்று மாசமா அந்தப் புத்தகம் எங்க கிடந்தது?”

“அப்பா, விடுங்கோவன்” என்றாள் மகள்.

விடமாட்டேன். கட்டுரை இன்னும் அனுப்பப்படவில்லை, திருத்த நேரமிருக்கிறது. பொறுமைக்கு நன்றி வேண்டாம், அது என்னிடம் இருந்ததே இல்லை. வரிசையைப் பிரிக்கும் பக்கத்திலேயே எழுதட்டும்: இதைச் சொன்னவர் என் மாமனார், நெல் ஆலைக்காரர், மூட்டையில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பெயரை முழுதாகப் போடட்டும்.